சப்பரம் ஏறிய சைக்கிள்

எனக்குப் பெண் கொடுத்தவர் ஓர் உபதேசியார். மிஷனில் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்தி, குருவானவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கமும் செய்கிறவர். அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்னக் கோயிலும் அதை ஒட்டி வீடுமாக இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு விஷயத்தில் கருங்கல். சாமி ஊர்வலம் தெருவில் வந்தால் எங்களைப் போன்ற பாளையங்கோட்டைப் பழைய மிஷன் குடும்பத்தார் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். சின்னப் பிள்ளையிலிருந்தே அது பழக்கம். உபதேசியாருக்கு அது போதாது. வீட்டுக்குள் போய்க் கதவு சன்னலை அடைத்து, வீட்டார் அத்தனை பேரையும் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, மேளம் அடங்குகிறவரை ஞானப்பாட்டுப் பாடவைப்பார் என்று கேள்வி.

அவருடைய மகளைக் கேட்டு எனக்கு முன்னால் ஒருவன் போயிருந்தான். படித்தவன், நல்ல உத்தியோகம். எல்லாம் பேசி முடிகிற நேரத்தில், அந்த மாப்பிள்ளை சரஸ்வதி பூசையன்று பக்கத்து வீட்டார் கொடுத்த சுண்டலை வாங்கித் தின்றான் என்று யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். ஒரு கை சுண்டல். பூசையில் படைத்ததைத் தின்றவனுக்குப் பெண் இல்லை என்று உபதேசியார் அன்றைக்கே கையைக் கழுவிவிட்டார்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் கேட்கப் போனேன். அவள் பாளையங்கோட்டையில் வாத்தியாரம்மா வேலைக்குப் படித்த காலத்தில், கோயிலில் பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் சவ்வாக இழுத்துக்கொண்டே போயிற்று. குருவானவர் "கடைசியாக" என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். இந்தப் பக்கம் நானும் வேதப் புத்தகத்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். எனக்கு அது போதும். இவளைக் கட்டினால் கட்டுவேன், இல்லாவிட்டால் இப்படியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கத்திக்கொண்டே கிழவனாவேன் என்று அக்காளிடம் சொல்லிவிட்டேன்.

உபதேசியார் சொல்லியனுப்பிய பதிலும் கறாராக இருந்தது. தசரா விடுமுறையில் இன்ன நாள், விளக்கு வைக்கிற நேரத்து ஜெபத்துக்குள் வந்து பேசவேண்டும். மறுநாள் தூத்துக்குடியிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். முந்தினவர்களிடம் முதல் பேச்சு.

எனக்குத் தகப்பனார் இல்லை. பெரியவர் என்று கூட வந்து பேச அக்காள் புருஷன்தான் உண்டு. தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தா. நல்ல உடம்பு. அவரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. ஜெர்மன் சண்டைக்கு முந்தின காலம் அது. எங்கள் பக்கத்தில் சைக்கிள் வைத்திருப்பவர் ஆனை வைத்திருப்பவர் மாதிரி. அத்தான் அதைத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைப்பார். ஓட்டுவது கொஞ்சம்தான்.

"ரயிலில் போய்விடலாம் அத்தான்" என்றேன்.

"ரயில்ல போனா யாருலே பாக்கா? கரித்தூளத் தட்டிக்கிட்டு எறங்கி, ஆரோ எவரோன்னு நடந்து போவணும். சைக்கிள்ல போனா ஊரே வாசலுக்கு வரும் மாப்ளே. பைய ஆத்த ஒட்டியே, ஒவ்வொரு ஊராப் பாத்துக்கிட்டு, ரெண்டு எடத்துல குளிச்சுக்கிட்டுப் போவோம். பொண்ணு வீட்டுக்கும் சைக்கிள்ல வாரோம்னு சொல்லியாச்சு."

ஊரே வாசலுக்கு வரும் என்றார் பாருங்கள். அந்த வாய்க்கு அன்றைக்குச் சர்க்கரைதான் போட்டிருக்கவேண்டும்.

சைக்கிள் ஒன்று, ஆள் இரண்டு. அத்தானைத் தாங்குவதே அந்த வண்டிக்குப் பெரிய காரியம். இன்னொருத்தன் ஏற வழியில்லை. அதற்கும் அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். ஒருவர் வண்டியில் முன்னால் போகவேண்டியது. அடுத்த ஊரில் நம்பிக்கையான ஆளாகப் பார்த்து வண்டியை விட்டுவிட்டு, மேலே நடந்து போகவேண்டியது. பின்னால் நடந்து வருகிறவர் அதை எடுத்துக்கொண்டு, முன்னே நடக்கிறவரைத் தாண்டிப் போய், அதற்கடுத்த ஊரில் விடவேண்டியது. இப்படி மாறி மாறிப் போனால் இருவருக்கும் பாதி நடை, பாதி சவாரி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கச்சேரியில் இப்படித்தான் எல்லாம் கேட்க நன்றாக இருக்கும் போலும்.

இன்னொன்று. எங்களுக்கு அது விடுமுறை நாள், அவ்வளவுதான். தசராவில் எந்த நாள் எந்தப் பூசை என்று எங்கள் இருவர் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. கேட்பதே தப்பு என்று வளர்ந்தவர்கள். யாராவது ஒருவரைக் கேட்டிருந்தால் ரயிலிலேயே போயிருப்போம்.

விடியுமுன் புறப்பட்டோம். முதலில் அத்தான் வண்டியில் ஏறிப் போனார். நான் மேலப்பாளையம் தாண்டி, முன்னீர்ப்பள்ளம் தாண்டி, கார் நெல் அறுப்பு முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். சாலை முழுக்க வைக்கோல் காயப் போட்டிருந்தார்கள். காலை வெயில் சுகமாக இருந்தது. பத்தமடையில் வண்டி இருக்கும், ஏறி மிதித்தால் சேரன்மகாதேவிக்குப் பறந்துவிடலாம் என்ற நினைப்பில் கால் வலி தெரியவில்லை.

பத்தமடையில் அத்தான் வண்டியை ஒரு பாய் நெய்கிறவரிடம் விட்டிருந்தார். தாடி வைத்த பெரியவர், மரியாதைக்காரர். வண்டியை வேப்பமர நிழலில் ஒரு புதுப் பாய் விரித்து அதன்மேல் படுக்கவைத்திருந்தார். சக்கரம் இரண்டும் துவண்டு கிடந்தன.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆவல தம்பி. ஆவாம நான் பாத்துக்கிட்டேன். வெயிலு ஏற ஏறச் சக்கரம் விம்மிக்கிட்டே போச்சு. வெடிச்சிரக் கூடாதேன்னு காத்தப் பைய எறக்கி விட்டுட்டேன். இப்பதான் அதுக்கு மூச்சு சீரா இருக்கு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. ஆனால் அந்த மனிதர் அதற்குள் ஒரு இளநீரை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டார். இளநீர் கொடுத்தவரை எப்படித் திட்டுவது? காற்றடிக்கும் பம்பு இருந்தால் ஒரு நிமிஷத்து வேலை. பம்பை யாராவது திருடிவிடுவார்கள் என்று அத்தான் கழற்றித் தம் தோள்பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார். வண்டியை விடலாமாம், பம்பை விடக்கூடாதாம். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே சேரன்மகாதேவி போய்ச் சேர்ந்தேன்.

அத்தான் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். மருதமர நிழல், குளிர்ந்த தண்ணீர், முகத்தில் ஒரு சொர்க்கச் சிரிப்பு.

"அதுக்குள்ள வந்துட்டியே மாப்ளே. வண்டின்னா வண்டிதான்."

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவர் கேட்டுக்கொண்டே கரையேறி, துவட்டி, சக்கரத்துக்குக் காற்றடித்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"இப்போது என் முறை அத்தான்."

"ஓம் மொறைதான் முடிஞ்சிட்டுல்லா? பத்தமடையிலருந்து இங்கன வரைக்கும் வண்டி ஓங்கிட்டதான இருந்துச்சு. நீ தள்ளிக்கிட்டு வந்தா அது வண்டி தப்பா, என் தப்பா? வீரவநல்லூர்ல வச்சிட்டுப் போறேன். எடுத்துக்க."

போய்விட்டார். கச்சேரிக்காரரிடம் நியாயம் பேசி யார் ஜெயித்தது? நான் மறுபடியும் நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெண் கேட்கப் போகிறவன் கோலமா இது என்று வாய்க்கால் தண்ணீரில் என் முகத்தைப் பார்த்து எனக்கே பரிதாபமாக இருந்தது.

வீரவநல்லூருக்குள் நுழைந்ததும் ஒரு கொல்லுப் பட்டறையில் வண்டி தெரிந்தது. மிதிகட்டை ஆடுகிறது, முடுக்கி வையும், என் மச்சினன் வந்து எடுத்துக்கொள்வான் என்று அத்தான் அங்கே விட்டுப் போயிருக்கிறார். கிட்டே போனேன்.

பட்டறை பெருக்கி மெழுகிக் கிடந்தது. உலையில் நெருப்பு இல்லை. வாழையிலை போட்டு, சுத்தியல், குறடு, அரம், பட்டறைக்கல் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அத்தனைக்கும் நடுவில், பலகைமேல், அத்தானின் சைக்கிள். கைப்பிடியில் அரளி மாலை. குறுக்குக் கம்பியில் மூன்று பட்டை விபூதி. மணிக்கு ஒரு சந்தனப் பொட்டு, அதற்கு நடுவில் குங்குமம். ஆசனத்தின்மேல் ஒரு தேங்காய் மூடி. முன்னால் சட்டி நிறையச் சுண்டல்.

அன்றைக்கு ஆயுத பூசை.

பட்டறைக்கார ஆசாரி எழுந்து வந்து கும்பிட்டார். பெரிய மீசை, சிரித்த முகம். "வாங்கய்யா. மிதிகட்டைய முடுக்கியாச்சு. பூசையும் நல்லபடியா முடிஞ்சிட்டு. எங்க பட்டறைக்கு இப்படி ஒரு ஆயுதம் வந்ததே இல்ல."

"சரி, எடுத்துக்கொண்டு போகிறேன்."

அவர் முகம் மாறியது. "இன்னைக்கா? பூசைக்கு வச்ச ஆயுதத்த இன்னைக்கு எடுக்கக் கூடாதுல்லாய்யா. நானே சுத்தியலத் தொடமாட்டேன். நாளைக்குக் காலம்பற எடுத்துக்கிடுங்க."

"ஆசாரியாரே, நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு இதெல்லாம் கிடையாது."

"ஒங்களுக்குக் கெடையாது, சரி." அவர் நிஜமாகவே யோசித்தார். "வண்டி வேதத்துல சேந்துட்டா? அதுக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சாய்யா?"

பள்ளிக்கூடத்தில் இருபது கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் சொல்கிறவன் நான். இதற்கு எந்த வசனம் என்று மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் தெருவில் போனவர், வந்தவர், பக்கத்துத் தறிக்காரர் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒருவர், சைக்கிள் சீமையில் செய்தது, ஆகையால் பிறப்பிலேயே வேதக்காரச் சாதிதான் என்றார். இன்னொருவர், இரும்புக்கு ஏது வேதம், பட்டறைக்குள் வந்த இரும்பெல்லாம் ஆசாரிக்குச் சொந்தம் என்றார். ரயில் எஞ்சினுக்கும் இன்றைக்குக் கல்லிடைக்குறிச்சி டேசனில் பொட்டு வைத்திருக்கிறார்கள், அதுவும் சீமைதான், அது மட்டும் ஓடுகிறதே என்று மூன்றாமவர் கிளப்பிவிட்டார். ரயில் நிற்காது, அது சர்க்கார் என்று அவருக்குப் பதில் சொன்னார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது புத்தி இருந்திருந்தால், இருக்கட்டும், நாளை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்திருப்பேன். காலையிலிருந்து நடந்ததுதானே, இன்னும் கொஞ்சம் நடந்தால் குறைந்தா போவேன். ஆனால் பசி, வெயில், அத்தான், பம்பு, எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டன.

"வே, வெளையாடுதீரா? நான் அம்பாசமுத்திரத்துக்குப் பொண்ணு கேக்கப் போறேன். அந்தியில ஜெபத்துக்குள்ள உபதேசியார் வீட்டு வாசல்ல நிக்கல, நாளைக்கு அந்தப் பொண்ண வேற எவனோ கேட்டுட்டுப் போயிருவான். நான் இங்கன நின்னு வண்டிக்கு ஞானஸ்நானம் பேசிக்கிட்டு இருக்கேன்."

ஆசாரி மீசையைத் தடவிக்கொண்டு தலை குனிந்தார். பெண் கேட்கப் போகிற மாப்பிள்ளையின் வாகனத்தைத் தாம் நிறுத்திவைத்துவிட்டோமே என்று அவருக்கு மனம் தாங்கவில்லை. உள்ளேயிருந்து அவர் பெண்சாதி வந்தாள்.

"ஏறி ஓட்டுனாத்தான தப்பு?" என்றாள். "தூக்கிக்கிட்டுப் போனா ஓட்டுனதா ஆவுமா? சாமி பவனி போறதில்லியா?"

எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். வேண்டாம், வேண்டாம் என்று நான் கத்தினேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு மூங்கில் வந்தது. கயிறு வந்தது. கண் மூடித் திறக்குமுன் சின்னச் சப்பரம் ஒன்று கட்டி, அதில் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி, நாலு பேர் தோள் கொடுத்துவிட்டார்கள். அந்தி வரைக்கும் சும்மா இருக்கிறேன் என்று ஒரு தவில்காரர் தாமாகவே சேர்ந்துகொண்டார். அம்பாசமுத்திரம் சாலையில் புறப்பட்டது பவனி. பின்னால் நான்.

வழியெல்லாம் ஜனம். வயலில் நின்றவர்கள் ஓடிவந்து கும்பிட்டார்கள். ஒரு அம்மாள் பிள்ளையைத் தூக்கி மணியைத் தொடவைத்தாள். எந்தச் சாமி என்று யாரோ கேட்டார்கள். "சக்கரத்தாழ்வார்" என்றார் சப்பரம் தூக்கியவர்களில் ஒருவர், யோசிக்காமல். "ரெண்டு சக்கரமால்லா இருக்கு?" என்றதற்கு, "தூரம் போவணும்லா" என்றார். கேட்டவர் திருப்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கல்லிடைக்குறிச்சிக்கு இப்பால் சாலையோரத்தில் அத்தான் நடந்துகொண்டிருந்தார். தவில் சத்தம் கேட்டதும் அவர் பழக்கப்படியே செய்தார். சாலையை விட்டு இறங்கி, வயலைப் பார்த்துத் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். அவருடைய சைக்கிள் அவருக்குப் பின்னாலேயே கடந்து போயிற்று. நான் அவர் தோளைத் தொட்டேன்.

"போயிட்டா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"அத்தான், அது உங்கள் சைக்கிள்."

கண்ணைத் திறந்தார். சாலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த மனிதர் கச்சேரியில் எத்தனையோ பிராதுகளைப் படித்தவர். இந்தப் பிராது அவருக்குப் புதிது. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"ஒனக்குப் பொண்ணு இல்ல மாப்ளே" என்றார். "சுண்டல் தின்னவனுக்கே குடுக்காத மனுசன். நீ மேளத்தோட சாமி கொண்டாந்து எறக்கப்போற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சாலையில் நின்று அழுதேன். முந்தானையை வாயில் வைத்துச் சிரித்த முகம் கண்முன் வந்தது. தூத்துக்குடிக்காரன் ரயிலில் காலை நீட்டி உட்கார்ந்து வருவதும் வந்தது. ஓடிப்போய் ஆசாரியைக் கெஞ்சினேன். இங்கேயே இறக்கிவிடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நடுவழியில சப்பரத்த எறக்குனா நல்ல காரியத்துக்கு ஆவாதுய்யா. உபதேசியார் வீட்டு வாசல்ல எறக்குனாத்தான் எனக்கு மனசாறும்" என்றார். அன்பாகச் சொன்னார். அன்பை என்ன செய்ய முடியும்? ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு பேர் தீபாராதனைத் தட்டோடு சேர்ந்துகொண்டார்கள். அத்தான் கூட்டத்தோடு சம்பந்தமில்லாதவர்போல் தள்ளி நடந்துவந்தார். கொஞ்ச தூரம் போனதும், "மணிக்குப் பொட்டு எடுப்பாத்தான் இருக்கு" என்று என் காதில் சொன்னார். நான் திரும்பியே பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உபதேசியார் தெருவுக்குள் திரும்பினோம். அவர் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக எங்களை எதிர்பார்த்து வாசலில் நின்றார். தவில் முழங்கியது. அவர் நிமிர்ந்து, தெருமுனையில் மாலையும் தீபமும் ஆடி வருவதை ஒரு கணம்தான் பார்த்திருப்பார். விருட்டென்று உள்ளே போனார். கதவு அடைபட்டது. சன்னல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. உள்ளே ஞானப்பாட்டு ஆரம்பித்தது, தவிலை மிஞ்சுகிற சத்தத்தில்.

"என்னய்யா, மாப்பிள்ள வீட்டப் பாத்துக் கதவ அடைக்காக?" என்றார் ஆசாரி.

"அது அவிய வழக்கம். கிணற்றடியில் பைய இறக்குங்க."

வீட்டின் பக்கவாட்டில் கிணறு. அங்கே இறக்கினார்கள். ஆசாரிக்கு மனம் நிறைந்துவிட்டது. போகிறபோது இலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் கோட்டுப் பையில் திணித்தார். "காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலல்லா? நல்ல காரியத்துக்கு வெறும் வயித்தோட போவக் கூடாதுய்யா." சூடு ஆறிய சுண்டல். எறிய நேரமில்லை. தவில் தெருமுனை தாண்டிக்கொண்டிருந்தது. அது அடங்கினால் பாட்டும் அடங்கும், கதவும் திறக்கும்.

நானும் அத்தானும் அன்றைக்கு வேலை செய்ததுபோல் என்றும் செய்ததில்லை. அவர் இறைக்க இறைக்க நான் விபூதியைத் தேய்த்தேன். குங்குமம் போகவே மாட்டேன் என்றது. அத்தான் தம் புதுத் தலைப்பாகையை அவிழ்த்து மணியைத் துடைத்தார். மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் தொழுவத்துக்குள் வீசினேன். அரளி மாலையாச்சே, மாடு தின்றால் செத்துப்போகுமே என்று அத்தான் உறும, அதை மறுபடி எடுத்து வைக்கோல் படப்புக்குள் சொருகினேன். பாட்டு நின்றது. கதவு திறந்தது.

உபதேசியார் வெளியே வந்து பார்த்தபோது, நனைந்த இரண்டு மனிதர்களும் நனைந்த ஒரு சைக்கிளும் நின்றோம்.

"இந்தச் சத்தத்துக்கு நடுவுல எப்படி வந்தீங்க?" என்றார்.

அத்தான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பணிவாக, "மொகத்தத் திருப்பிக்கிட்டேதான் வந்தோம் ஐயா" என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

உபதேசியார் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்தார். "சைக்கிள்ல வாரதாச் சொன்னாவ. நீங்க ஏன் இப்படிப் புழுதியும் சகதியுமா இருக்கீங்க?"

"நான் நடந்துதான் வந்தேன் ஐயா. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தடவைகூட ஏறவில்லை."

அதுவும் உண்மை. அந்தச் சத்தியம் அவரைத் தொட்டுவிட்டது. வண்டி இருந்தும் வாலிபன் நடந்து வந்தான், பெருமை இல்லாத பிள்ளை என்று அவர் பெண்சாதியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. உள்ளே உட்காரவைத்து வேதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒவ்வொரு முறை அசையும்போதும் கோட்டுப் பையில் பொட்டலம் சரசரத்தது. அவர் மூக்கை உறிஞ்சினார். நான் இன்னும் சத்தமாக வாசித்தேன். ஜெபம் முடிந்ததும் அத்தானும் அவரும் பேச உட்கார்ந்தார்கள். கால் கழுவி வருகிறேன் என்று நான் கிணற்றடிக்கு நழுவினேன். பொட்டலத்தை எங்காவது புதைத்துவிட்டால் போதும், தப்பித்தேன்.

கிணற்றடியில் அவள் குடத்தோடு நின்றாள். முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

"மணியில இன்னும் குங்குமம் இருக்கு" என்றாள்.

நான் கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"எல்லாரையும் சுவத்தப் பாத்து நிக்கச் சொன்னாவ. எஞ் சுவத்துல சன்னல் இருந்துச்சு. சன்னல்ல ஒரு ஓட்டை இருக்கு." குடத்தைக் கீழே வைத்தாள். "பையில வச்ச சுண்டலத் தின்னீங்களா?"

எது சரியான பதில் என்று தெரியவில்லை. வாய் தவறினால் காலையிலிருந்து நடந்த நடை அத்தனையும் வீண். "இல்லை" என்றேன். "இதைப் புதைக்கத்தான் வந்தேன். ஆனால் கொலைப் பசி."

"முந்தி ஒருத்தவிய சுண்டல் தின்னதுக்காக வேண்டாம்னுட்டாவ, தெரியும்லா? அப்பா வேண்டாம்னாவ. என்னய யாரும் கேக்கல." கையை நீட்டினாள். "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து வருசா வருசம் அந்த மணம் சுவரத் தாண்டி வரும். நாங்க பாடிக்கிட்டே நிப்போம். ஒரு தடவ வாயில போட்டுப் பாத்ததில்ல. பாதி எனக்கு."

பொட்டலத்தைப் பிரித்தேன். தேங்காய்த் துருவலும் மிளகாய் வற்றலும் போட்டுத் தாளித்த கொண்டைக்கடலை. அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். நானும் தின்றேன். என் ஆயுசில் அப்படி ஒரு பண்டம் தின்றதில்லை. இலையில் ஒட்டியிருந்த கடைசிக் கடலையை எடுத்து அவள் என்னிடம் நீட்டியபோது, உள்ளேயிருந்து உபதேசியார் குரல் வந்தது.

"யாரு அங்கன? என்ன மென்னுக்கிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லப்பா" என்று அவளும், "ஒன்றுமில்லை ஐயா" என்று நானும் ஒரே மூச்சில் சொன்னோம். பிற்பாடு கோயிலில் குருவானவர் முன்னால் நின்று ஒருவர் பின் ஒருவராக வாக்குக் கொடுத்தோம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.